பெர்கேயில் திரும்பிப்போனவர்



இவ்வாரத் தியானப் பகுதி: அப்போஸ்தலர் 15:36-40, 2 தீமோத்தேயு 4:11.

அடுத்த ஆண்டின் பொறுப்புகளுக்கு யார் யாரை நியமிக்கலாம் என்று சபைக் கமிட்டியில் பேசும் காலம் இது. ஓய்வுநாள் பள்ளிக்கு, வாலிபர் ஐக்கியத்துக்கு, பாடகர் குழுவுக்கு, அறுப்பின் பண்டிகைக்கு என்று பெயர்கள் ஒவ்வொன்றாக வாசிக்கப்படும். சில பெயர்கள் வாசிக்கப்பட்டவுடன் ஓர் அமைதி உண்டாகும். பிறகு ஒருவர் தாழ்ந்த குரலில், "அவரா? அந்த வருஷம் நடந்தது மறந்துபோச்சா?" என்பார். எவரும் மறுத்துப் பேசமாட்டார். அடுத்த பெயருக்குப் போய்விடுவோம். இத்தனை ஆண்டுகளில் அப்படிப்பட்ட கூட்டங்கள் பலவற்றுக்கு நான் தலைமை வகித்திருக்கிறேன். என் கையாலேயே சில பெயர்களை அடித்தும் இருக்கிறேன். அப்படி அடிக்கப்பட்ட பெயர்களைக் குறித்தே இவ்வாரம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

தோல்வியே நல்ல தலைவர்களை உருவாக்குகிறது என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். பள்ளி ஆண்டு விழாக்களிலும் வாலிபர் முகாம்களிலும் இது தவறாமல் சொல்லப்படுகிறது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. தோல்வி பலரை நொறுக்கிப்போட்டதை நான் கண்டிருக்கிறேன். தோற்றுப்போன ஒருவர் அதன்பின் யாரிடம் போகிறார், அங்கே அவருக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பொறுத்தே அந்தத் தோல்வி அவரை உருவாக்கவோ உடைக்கவோ செய்கிறது என்பது என் துணிபு. வேதம் எனக்கு அப்படித்தான் காட்டுகிறது.

நம்முடைய ஆண்டவர் பிடிக்கப்பட்ட இரவை எண்ணிப்பாருங்கள். சீஷர்களில் ஒருவன் அவரைக் காட்டிக்கொடுத்தான். மற்றொருவர் மூன்று தரம் அவரை மறுதலித்தார். இருவரும் பின்பு மனம் கசந்தார்கள். யூதாஸ் வாங்கிய வெள்ளிக்காசைத் திரும்ப எடுத்துக்கொண்டு பிரதான ஆசாரியரிடத்திலும் மூப்பரிடத்திலும் போய், தான் பாவம் செய்ததாக அறிக்கையிட்டான் என்று மத்தேயு எழுதுகிறார். அவர்களோ, அது எங்களுக்கு என்ன, உன் பாடு என்று சொல்லி அவனைத் திருப்பி அனுப்பினார்கள். யூதாசின் குற்றத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாவ அறிக்கையைக் கேட்பதற்கென்றே நியமிக்கப்பட்ட மனிதர்கள், அறிக்கையிட வந்த ஒருவனைக் கைகழுவி அனுப்பினார்கள் என்பதை வாசிக்கும்போதெல்லாம், ஒரு போதகனாகிய எனக்கு நடுக்கம் உண்டாகிறது.

பேதுருவின் காரியம் வேறு. அவர் விழுவதற்கு முன்னமே ஆண்டவர் அவருக்காக வேண்டிக்கொண்டார். நீ திரும்பியபின் உன் சகோதரரைத் தாங்கு என்ற பொருளில் அவருக்கு ஒரு வேலையையும் கொடுத்துவைத்தார் (லூக்கா 22:32). விழுகையும் அதற்குப் பிந்திய பொறுப்பும் ஒரே பேச்சில் அடங்கியிருக்கின்றன. மறுதலித்த பேதுரு, வாரத்தின் முதலாம் நாள் காலையில் தனிமையில் இல்லை. மற்றச் சீஷனோடு இருந்தார் என்று யோவான் சுவிசேஷம் சொல்லுகிறது. பின்பு திபேரியாக் கடற்கரையில் ஆண்டவர் அவருக்கு முன்பாக ஒரு கரிநெருப்பை மூட்டி வைத்திருந்தார். பேதுரு குளிர்காய்ந்துகொண்டே மறுதலித்ததும் ஒரு கரிநெருப்பின் அருகில்தான். கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் அந்தச் சொல் இந்த இரண்டே இடங்களில்தான் வருகிறது. பழையதை மூடிமறைக்காமல், அதே நெருப்பின் அருகில் அவரை உட்காரவைத்து, உணவு கொடுத்து, அதன்பிறகே ஆண்டவர் அவரைக் கேள்வி கேட்டார். மூன்று மறுதலிப்புக்கு மூன்று கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் பின் ஆடுகளைப் பற்றிய ஒரு கட்டளை.

இனி நம் தியானப் பகுதிக்கு வருவோம். மாற்கு என்னும் மறுபேர்கொண்ட யோவான் நல்ல குடும்பத்தில் பிறந்தவர். எருசலேமில் அவருடைய தாயாரின் வீடு ஜெபக்கூட்டம் நடக்கும் வீடு. பவுலும் பர்னபாவும் முதலாம் ஊழியப் பயணத்துக்குப் புறப்பட்டபோது அவர் உதவிக்காரராகக் கூடப் போனார். சீப்புரு தீவை அவர்கள் கடந்து, பம்பிலியாவிலுள்ள பெர்கே பட்டணத்துக்கு வந்தவுடன் மாற்கு அவர்களை விட்டு எருசலேமுக்குத் திரும்பிப்போய்விட்டார். காரணத்தை லூக்கா சொல்லவில்லை. அங்கிருந்து வடக்கே டாரஸ் மலைத்தொடரைக் கடந்து போகவேண்டும் என்பதை மட்டும் நாம் அறிவோம். மற்ற இருவரும் ஏறிப்போனார்கள். லீஸ்திராவிலே பவுல் கல்லெறியுண்டு, செத்தவர் என்று எண்ணப்பட்டுப் பட்டணத்துக்கு வெளியே இழுத்துப்போடப்பட்டபோது மாற்கு அங்கே இல்லை.

ஆகவே, இரண்டாம் பயணத்துக்கு மாற்கை மறுபடியும் அழைத்துப்போகலாம் என்று பர்னபா சொன்னபோது பவுல் மறுத்ததில் வியப்பு ஒன்றும் இல்லை. பவுலுக்கு ஊழியத்தின்மேல் பாரம் இருந்தது. நடுவழியில் விட்டுப்போகிறவரை நம்பி மலையேற முடியாது என்பது நியாயமான பேச்சு. பர்னபாவின் மனமும் நியாயமானதே. ஒரு காலத்தில் எருசலேமிலிருந்த சீஷர்கள் எல்லாரும் பவுலைக் கண்டு பயந்தபோது, அவரைக் கைப்பிடித்து அப்போஸ்தலரிடத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் இந்தப் பர்னபாதான் (அப்போஸ்தலர் 9:27). அன்று பவுலுக்குச் செய்ததை இன்று மாற்குக்குச் செய்ய நினைத்தார். இருவருக்குள்ளும் கடுமையான வாக்குவாதம் உண்டாகி, அவர்கள் பிரிந்துபோனார்கள்.

இங்கே ஒரு சிறு காரியத்தை நாம் கவனிக்காமல் கடந்துவிடுகிறோம். பர்னபா மாற்கைச் சீப்புருவுக்கு அழைத்துப்போனார். சீப்புரு பர்னபாவின் சொந்த ஊர். மாற்கு முதல் பயணத்தில் விழாமல் நடந்துமுடித்த வழியும் அதுதான். ஒருவர் இடறிய இடத்திலேயே உடனே அவரை மறுபடியும் ஏறச்சொல்வது அன்பல்ல. இனி நடக்கவே வேண்டாம் என்று சொல்வதும் அன்பல்ல. பர்னபா அவருக்குத் தெரிந்த வழியில், தானும் கூட நடந்து, மறுபடியும் நடக்கப் பழக்கினார். சீப்புருவில் நடந்தவற்றைப் பற்றி அப்போஸ்தலர் நடபடிகளில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் விளைவை நாம் அறிவோம். ஏறத்தாழப் பத்து ஆண்டுகளுக்குப் பின் பவுல் காவலில் இருந்தபோது, மாற்கு வந்தால் ஏற்றுக்கொள்ளும்படி கொலோசெயருக்கு எழுதுகிறார். கடைசி நிருபத்தில், குளிர்காலம் நெருங்கும் வேளையில், தேமா தன்னை விட்டுப் பிரிந்துபோனதை வேதனையோடு சொல்லிவிட்டு, மாற்கைக் கூட்டிக்கொண்டு வரும்படி தீமோத்தேயுவைக் கேட்கிறார். ஊழியத்தில் அவர் தனக்குப் பயன்படுவார் என்கிறார். ஒருவர் விட்டுப்போன துக்கத்தில், முன்பு விட்டுப்போன ஒருவரையே அவர் தேடுகிறார்.

இன்னொருவரும் மாற்கை ஏற்றுக்கொண்டார். பேதுரு தம் முதல் நிருபத்தின் முடிவில் அவரைத் தம் குமாரன் என்று அழைக்கிறார். மாற்கு பேதுருவோடிருந்து, பேதுரு சொன்னவற்றையே சுவிசேஷமாக எழுதினார் என்பது இரண்டாம் நூற்றாண்டிலிருந்தே திருச்சபை சொல்லிவரும் செய்தி. அந்தச் சுவிசேஷத்தில் பேதுருவின் மறுதலிப்பு சற்றும் மழுப்பப்படாமல் எழுதப்பட்டிருக்கிறது. அந்த முற்றத்தில் நடந்ததை அருகிலிருந்து சொல்லக்கூடியவர் பேதுருவே. சபையின் தூணாக எண்ணப்பட்ட பெரியவர், தாம் விழுந்த கதையைத் தம்மைப்போலவே விழுந்து எழுந்த இளையவரிடம் தாமே சொல்லியிருக்கிறார் என்று நான் எண்ணிக்கொள்வதுண்டு.

வேதாகமக் காலத்தோடு இது முடிந்துவிடவில்லை. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதில் கலந்த மரபுகளுள் மெதடிஸ்து மரபும் ஒன்று. அம்மரபின் தகப்பனாகிய ஜான் வெஸ்லியை நாம் பெரிய எழுப்புதல் பிரசங்கியாராகவே நினைவுகூருகிறோம். அவர் முதலில் தோற்றுப்போன போதகர் என்பதை மறந்துவிடுகிறோம். 1735-இல், தம் 32-ஆம் வயதில், அமெரிக்காவிலிருந்த ஜார்ஜியா குடியேற்றத்துக்கு அவர் கப்பலேறினார். சவன்னா ஊரின் போதகராக விதிகளை இம்மியும் தளர்த்தாமல் நடத்தினார். தம்முடைய சபை முறைப்படி ஞானஸ்நானம் பெறவில்லை என்பதற்காக, போல்ட்சியஸ் என்ற லுத்தரன் போதகருக்கே திருவிருந்தை மறுத்தார். அந்தப் போதகர், தரங்கம்பாடிக்கு மிஷனரிகளை அனுப்பிய அதே ஹாலே நகரத்திலிருந்து வந்த பக்தியுள்ள மனிதர். பின்னர், தாம் விரும்பிய சோஃபியா ஹாப்கி என்ற இளம்பெண் வேறொருவரை மணந்துகொண்டார். சில மாதங்கள் கழித்து வெஸ்லி அவருக்கும் திருவிருந்தை மறுத்தார். விதியைக் காட்டித் தம் காயத்துக்குப் பழிதீர்க்கிறார் என்றே ஊரார் பேசினார்கள். வழக்கு எழுந்தது, அவர்மேல் பத்துக் குற்றச்சாட்டுகள் பதிவாயின. 1737 டிசம்பரில் அவர் வழக்கை முடிக்காமலே ஊரை விட்டுப் புறப்பட்டார்.

1738 பிப்ரவரியில் இங்கிலாந்துக்கு வந்துசேர்ந்தபோது, பிறரை மனந்திருப்பப் போன தாமே மனந்திரும்பாதவர் என்ற எண்ணம் அவரை வாட்டியது. அந்த மாதமே மொரேவியச் சபையைச் சேர்ந்த பீட்டர் போலர் என்பவரை அவர் சந்தித்தார். போலர் அவரைவிட ஒன்பது வயது இளையவர். விசுவாசம் இல்லாத நான் பிரசங்கத்தை விட்டுவிடட்டுமா என்று வெஸ்லி கேட்டபோது, வேண்டாம் என்று தடுத்து, விசுவாசம் கிடைக்கும்வரை அதைக் குறித்தே பிரசங்கியும் என்று போலர் ஆலோசனை சொன்னார். போலர் அவருடைய குறையை மறுக்கவும் இல்லை. அந்தக் குறைக்காக அவரை ஊழியத்திலிருந்து தள்ளவும் இல்லை. அவ்வாண்டு மே 24 அன்று ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த சிறு கூட்டத்தில் வெஸ்லியின் இருதயம் உயிர்பெற்றதை நாம் அறிவோம். அந்த இரவுக்கு முந்திய மாதங்களில் அவரோடு பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்த அந்த இளைஞரை எத்தனை பேர் அறிவோம்? அடுத்த ஆண்டு வெஸ்லி ஆலயத்துக்கு வெளியே, திறந்தவெளியில், சுரங்கத் தொழிலாளருக்கும் ஏழைகளுக்கும் பிரசங்கித்தார். போல்ட்சியசுக்குத் தாம் செய்ததை நினைத்துப் பல ஆண்டுகளுக்குப் பின் தம் நாட்குறிப்பில் தம்மையே கடிந்துகொண்டார். அதற்குள் பல ஆலயங்கள் அவருக்கே கதவை அடைத்திருந்தன.

இனி என் கதை. ஊழியத்தின் தொடக்கத்தில் ஒரு கிராமச் சபைக்கு உபதேசியாராக அனுப்பப்பட்டேன். இரண்டு குடும்பங்களுக்குள் ஒரு பாதை குறித்துத் தகராறு. ஒரு தரப்பார் சொன்னதை மட்டும் கேட்டு, மறு தரப்பாரைப் பிரசங்க பீடத்திலிருந்து மறைமுகமாகக் கடிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு ஆறு வீட்டார் ஆராதனைக்கு வரவில்லை. என்னை வேறு ஊருக்கு மாற்றிவிடும்படி சேகர குருவானவருக்கு எழுதினேன். அவர் சைக்கிளில் வந்தார். "தம்பி, மாற்றம் கேட்கிறது அப்புறம். முதல்ல அந்த ஆறு வீட்டுக்கும் போவோம், வாங்க" என்றார். அவர் எனக்காக ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஒவ்வொரு திண்ணையிலும் என் அருகில் அமர்ந்திருந்தார், அவ்வளவுதான். நான்தான் பேசவேண்டியிருந்தது, நான்தான் மன்னிப்புக் கேட்கவேண்டியிருந்தது. ஐந்து வீட்டார் ஏற்றுக்கொண்டார்கள். ஒரு வீட்டுக் கதவு நான் அந்த ஊரில் இருந்தவரை திறக்கவில்லை. இரு தரப்பையும் கேட்காமல் பேசக்கூடாது என்பதை நான் இறையியல் கல்லூரியில் கற்கவில்லை. அந்தத் திண்ணைகளில் கற்றேன். அவர் அன்று என்னை மாற்றியிருந்தால், கற்காத அந்தப் பாடத்தையும் சுமந்துகொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பேன்.

இப்படி இரக்கம் பெற்ற நான், என் முறை வந்தபோது என்ன செய்தேன் என்பதையும் சொல்லவேண்டும். நான் முன்பு பணிசெய்த ஒரு சபையில், அறுப்பின் பண்டிகை ஏலத்தின் கணக்கு ஓர் இளைஞர் கையில் இருந்தது. கணக்கு சரியாக வரவில்லை. அவர் பணத்தை எடுக்கவில்லை என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும். கடனாக ஏலம் எடுத்தவர்களின் பெயரைச் சரியாக எழுதி வைக்கவில்லை. கமிட்டியில் நான், "இனி இவரிடம் பொறுப்பு வேண்டாம்" என்று சொன்னேன். குறிப்பேட்டில் எழுதப்பட்டது. அவர் மறுத்துப் பேசவில்லை. சில மாதங்களில் ஆலயத்துக்கு வருவதையும் நிறுத்திவிட்டார். பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டன. சென்ற மாதம் ஓர் அடக்க ஆராதனைக்குப் போனபோது அவரைப் பார்த்தேன். துக்க வீட்டில் பந்தல், வாகனம், தண்ணீர், வெளியூரிலிருந்து வந்தவர்களின் சாப்பாடு என்று அத்தனையும் அவர் சொற்படி நடந்துகொண்டிருந்தன. ஒரு சிறு நோட்டில் ஒவ்வொரு செலவையும் எழுதிக்கொண்டிருந்தார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

சில நாள் கழித்து அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்காரவைத்துக் காபி கொடுத்தார். பிறகு சொன்னார்: "ஐயா, கணக்கு தப்பிப்போச்சு, அது உண்மைதான். ஆனா யாராவது ஒருத்தர் என்கூட உட்கார்ந்து சரிபார்த்திருக்கலாம்." இதை எழுத அவரிடம் அனுமதி பெற்றேன். அவர் இன்னும் ஆலயத்துக்குத் திரும்பி வரவில்லை. வருவார் என்று சொல்லி இந்தக் கதையை இனிதாக முடிக்க எனக்கு உரிமை இல்லை.

ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் பேசுவது தவறிப்போனவர்களைக் குறித்து. பிறரைத் திட்டமிட்டுச் சுரண்டியவர்களைக் குறித்து அல்ல. காணிக்கைப் பணத்தை அபகரித்தவரையோ, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் தீங்கு செய்தவரையோ மன்னிப்பின் பெயரால் மறுபடியும் அதே நாற்காலியில் அமர்த்துவது இரக்கமல்ல. காயப்பட்டவர்களுக்குச் செய்யும் இரண்டாம் அநியாயம். அங்கே முதலில் காக்கப்படவேண்டியவர்கள் அவர்களே. சட்டத்தின் வழியும் திறந்திருக்கவேண்டும். ஒருவரை மன்னிப்பது வேறு, அவருக்குப் பதவி கொடுப்பது வேறு. ஆனால் நம் கமிட்டிக் குறிப்பேடுகளில் அடிக்கப்பட்ட பெயர்களில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவர்களுடையவை அல்ல என்பது என் அனுபவம். பேசத் திணறியவர், கணக்கில் தவறியவர், கோபத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டவர், பாதியில் பயந்து விலகியவர்: இவர்களே அதிகம். சபையில் செல்வாக்குள்ளவர் தவறினால் நாம் மறந்துவிடுகிறோம், எளியவர் தவறினால் எழுதி வைத்துக்கொள்கிறோம் என்பதையும் வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளவேண்டும்.

இதனால் வரும் நஷ்டம் அந்த ஒருவருக்கு மட்டுமல்ல. பார்த்துக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் இரண்டு பாடங்களைக் கற்கிறார்கள்: பொறுப்பு ஏற்றால் ஆபத்து, ஏற்றபின் தவறினால் மறைத்துவிடு. முதல் பாடத்தைக் கற்றவர்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். இரண்டாம் பாடத்தைக் கற்றவர்கள் தலைவர்களாகிறார்கள். பிறகு, நம் தலைவர்கள் ஏன் உண்மையை ஒப்புக்கொள்வதில்லை என்று நாமே முறையிடுகிறோம்.

ஆகவே, பிரியமானவர்களே, இந்த ஆண்டு நம் சபையில் மூன்று காரியங்களைச் செய்துபார்ப்போம் என்று கேட்கிறேன். ஒன்று, ஒரு பொறுப்பில் ஒருவர் தவறினால், கமிட்டியில் பேசுமுன் மூப்பர் ஒருவர் அவர் வீட்டுக்குப் போய், அவரோடு அமர்ந்து, நடந்தது என்ன என்று கேட்கட்டும். இரண்டு, அவருக்குப் பழகிய ஒரு சிறு வேலையை, கூட நடக்க ஒருவரோடு சேர்த்துக் கொடுப்போம். அதுவே அவருடைய சீப்புருவாக இருக்கட்டும். மூன்று, வாலிபர் ஐக்கியக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை பெரியவர் ஒருவர், தாம் தவறிய ஒரு காரியத்தையும், அதிலிருந்து தம்மை எழுப்பியவரையும் பற்றிச் சொல்லட்டும். முதல் மாதம் நான் சொல்லுகிறேன். அந்த ஆறு திண்ணைகளைப் பற்றியும், நான் அடித்த அந்தப் பெயரைப் பற்றியும் சொல்லுவேன்.

இதை வாசிக்கிறவர்களில் பெர்கேயிலிருந்து திரும்பி வந்தவர்கள் இருக்கலாம். உங்கள் பெயரும் ஒருவேளை என் கையாலேயே அடிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் நீங்கள் என்னிடம் வரக் காத்திருக்கமாட்டேன். நானே உங்கள் வீட்டுக்கு வருகிறேன். வரும்போது கதவைத் திறப்பதும் திறக்காததும் உங்கள் உரிமை.

ஜெபிப்போம்: இரக்கமுள்ள பிதாவே, நாங்கள் விழுந்தபோது எங்கள் அருகில் அமர்ந்தவர்களுக்காக உமக்கு ஸ்தோத்திரம். விழுந்தவர்களை நாங்கள் கடந்துபோன நாட்களை மன்னியும். எங்கள் சபையில் பர்னபாக்களை எழுப்பும். மாற்குக்களை எங்களுக்குத் திரும்பத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.